தவளை எடுக்கப் போகிறீர்களா? ரேனாக்ஸ் 250 வேண்டாம், 150 வாங்குங்கள்

மூன்று மழைக்காலம் கையில் வைத்துப் படமெடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தவளை, பல்லி, ஓணான் என்று சின்ன உயிர்களைப் படமெடுக்க ஆசைப்பட்டு, மேக்ரோ லென்ஸ் வாங்கக் காசு இல்லை, வேறு வழி இருக்கிறதா என்று யாரிடம் கேட்டாலும் ரேனாக்ஸ் டிசிஆர்-250 வாங்கு என்பார்கள். நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன், ஒரு வருடம் கழித்து டிசிஆர்-150ஐயும் வாங்கினேன். இப்போது பையில் முன்னறையில் இருப்பது 150, அடியில் டப்பாவுக்குள் கிடப்பது 250. எறும்பு, ஈ, குதிக்கும் சிலந்தி எடுப்பவர்களுக்கு 250 தங்கம். ஆனால் தவளைக்காகவும் பல்லிக்காகவும் வாங்குகிறீர்கள் என்றால் 150தான் சரி, இதை எனக்கு அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாம்.

பொருள் என்ன என்று தெரியாதவர்களுக்கு: இது தனி லென்ஸ் இல்லை. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஜூம் லென்ஸின் மூக்கில் மாட்டும் ஒரு கண்ணாடி, ஜப்பான் தயாரிப்பு. கூடவே ஒரு கிளிப் வரும், யுஏசி-2000 என்று பெயர். இரண்டு பக்கமும் உள்ள பொத்தானை அழுத்தினால் சுருங்கும், விட்டால் லென்ஸின் ஃபில்ட்டர் மரையைப் பிடித்துக்கொள்ளும். 52 மில்லிமீட்டரிலிருந்து 67 வரை எந்த மரையிலும் உட்காரும். என்னிடம் கேனான் 200டி, 55-250 எஸ்டிஎம் லென்ஸ், அதன் மரை 58. நிக்கானின் 70-300 டிஎக்ஸ் ஏஎஃப்-பி வைத்திருப்பவர்களுக்கும் 58தான், கவலையில்லை. சோனி 55-210க்கு மட்டும் மரை 49, அதற்கு மரை அளவை மாற்றும் வளையம், 49-52 ஸ்டெப்-அப் ரிங் ஒன்று தனியாக வாங்க வேண்டும், பெரிய செலவில்லை.

இதற்கு முன்னால் நான் ஏமாந்த கதையும் உண்டு. ஆன்லைனில் ஒரு கடையில் நாலு கண்ணாடி அடங்கிய க்ளோஸ்-அப் ஃபில்ட்டர் செட், ஐந்நூறு ரூபாய்க்குள். பிராண்ட் பெயரும் வேண்டாம், கடைப் பெயரும் வேண்டாம். தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருந்த தவளையை எடுத்தேன், அதன் ஈர முதுகில் வெளிச்சம் பட்ட ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஊதாக் கோடு. பூவை எடுத்திருந்தால் தெரிந்திருக்காது. தவளைத் தோல் முழுக்க ஈரம், முழுக்க மினுமினுப்பு, அந்த ஊதா எல்லா இடத்திலும் அப்பிக்கொண்டது. ஒற்றைக் கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு தூரத்தில் குவிப்பதால் வரும் வினை அது. ரேனாக்ஸில் மூன்று கண்ணாடிகளை இரண்டு தொகுதியாக அமைத்து நிறங்களை ஒரே இடத்தில் சேர்க்கிறார்கள், அக்ரோமேட் என்பார்கள். விலை வித்தியாசத்துக்குக் காரணம் இதுதான், அது நியாயமான காரணம்.

சரி, 150ஆ 250ஆ. பெயரில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பெரியது நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். 250க்கு +8 டயாப்டர் சக்தி, 150க்கு +4.8. கண்ணாடிக் கடையில் பவர் சொல்வார்களே, அதே கணக்கு. 1000ஐ அந்த எண்ணால் வகுத்தால் எவ்வளவு தூரத்தில் நின்று எடுக்கலாம் என்று மில்லிமீட்டரில் வந்துவிடும். 250க்கு 125 மில்லிமீட்டர், 150க்கு 208. ஜூம் லென்ஸின் ஃபோகஸ் முடிவிலியில் இருக்கும்போது உள்ள தூரம் இது. அந்த லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கிட்டத்துக்குத் திருப்பினால் இன்னும் இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை நெருங்கலாம், அவ்வளவுதான். அந்தச் சின்ன ஜன்னலுக்கு வெளியே எல்லாமே மங்கல்.

பெருக்கத்தின் கணக்கும் எளிது, ஜூம் எண்ணை அந்தத் தூரத்தால் வகுத்தால் போதும். ஜூமை 250இல் வைத்தால், 250 மாடல் கண்ணாடியோடு இரண்டு மடங்கு, 150 மாடலோடு 1.2 மடங்கு. என் கேமரா சென்சாரின் அகலம் 22 மில்லிமீட்டர் சொச்சம். ஆக, இரண்டு மடங்கில் படத்துக்குள் அடங்குவது 11 மில்லிமீட்டர் அகலம்தான். கட்டைவிரல் நகம் அளவு புதர்த்தவளைக்குக்கூட அது போதாது, கண்ணும் மூக்கும் வரும், கால் வெளியே நிற்கும். உடனே ஜூமைக் குறைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். குறைக்கலாம், ஆனால் நிற்கும் தூரம் மாறாது. அதே 12 சென்டிமீட்டர்தான். பெருக்கம் குறைந்தும் தவளையின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். 150இலோ ஜூமை 150 வாக்கில் வைத்தால் 31 மில்லிமீட்டர் அகலம் கிடைக்கிறது. முழுத் தவளை, அது உட்கார்ந்திருக்கும் இலையின் ஓரம், கொஞ்சம் இருட்டு எல்லாம் அடங்கிவிடும். நிற்பதோ ஒரு சாண் தள்ளி.

அந்த எட்டு சென்டிமீட்டர் வித்தியாசம் கணக்கில் சிறியது, காட்டில் பெரியது. அதை நான் உணர்ந்தது வால்பாறையில். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஜூன் மாத மழையில், எஸ்டேட் ஓரம் ஒரு வீட்டில் தங்கியிருந்தோம். வீட்டுக்கார அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார்: "கேட்டைத் தாண்டிப் போயிராதீங்க தம்பி, சிறுத்தை நடமாட்டம் இருக்குதுங்க." அதனால் காம்பவுண்டுக்குள்ளேதான் எல்லாம். எட்டு மணிக்கு மழை விட்டது. விட்டதும் வேலியோரச் செடிகளில் டிக், டிக், டிக் என்று ஆரம்பித்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். புதர்த்தவளையைத் தேட அதன் வாயைத் தவிர வேறு வழியே இல்லை, அவ்வளவு சின்னது, இலையின் பச்சையிலேயே கரைந்துவிடும். இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று சத்தம் வரும் திசையைக் கைகாட்ட, இரண்டு கையும் சந்திக்கும் இடத்தில் டார்ச் அடித்தால் இருக்கும்.

இருந்தது. இடுப்பு உயரத்தில், ஒரு இலையின் நுனியில். கத்துவது ஆண்தான். தொண்டைக்கடியில் ஒரு பை, உள்ளே வெளிச்சம் வைத்த பலூன் மாதிரி ஊதிக்கொண்டு நின்றது, தோல் அவ்வளவு மெல்லிசு, அதில் ஓடும் நரம்பு தெரிகிறது. உடம்பு மொத்தமும் ஒவ்வொரு டிக்குக்கும் அதிர்கிறது. அப்போது என்னிடம் 250 மட்டும்தான். நெருங்கினேன். ஃபோகஸ் கிடைக்கும் முன்னால், ஃப்ளாஷ் வெளிச்சத்தைப் பரப்ப மாட்டியிருந்த டிஃப்யூசரின் விளிம்பு பக்கத்து இலையில் உரசியது, உரசிய ஈரம் சொட்டியது, சத்தம் நின்றது. பை சுருங்கிவிட்டது. இருபது நிமிடம் டார்ச்சை அணைத்துவிட்டு அட்டைக்குக் கால் கொடுத்துக்கொண்டு நின்றேன், மறுபடி கத்த ஆரம்பித்தது, மறுபடி நெருங்கினேன், மறுபடி நின்றது. அன்றைக்கு எடுத்தது எல்லாம் வாய் மூடிய தவளைதான். அடுத்த ஜூனில் அதே வீடு, அதே வேலி, இந்தத் தடவை 150. ஒரு சாண் தள்ளி நின்று, மூச்சை அடக்கி, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி ஃபோகஸ் பிடித்தேன். அது நிறுத்தவில்லை. ஆறு படம் எடுத்துவிட்டு நான்தான் விலகினேன், அது கத்திக்கொண்டே இருந்தது. எனக்கு 150 பிடித்துப்போனதற்கு இந்த ஒரு ராத்திரி போதும்.

அந்தத் தவளை என்ன இனம் என்று படத்தை வைத்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ராவோர்செஸ்டிஸ் என்ற பேரினம், அதில் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். மொபைலில் சத்தத்தையும் பதிந்து வையுங்கள், தெரிந்தவர்கள் சத்தத்தைக் கேட்டுத்தான் பிரிக்கிறார்கள். இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையாகவே வெளியே வந்துவிடும். இலையில் ஒட்டியிருக்கும் நாலைந்து கண்ணாடி மணி போன்ற முட்டைகளைப் பார்த்தால் இலையைத் திருப்பாதீர்கள், கிள்ளாதீர்கள், எடுக்க முடிந்த கோணத்தில் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. நான் இந்தக் கண்ணாடியோடு பழகியது கோவைக்கு வெளியே எங்கள் வீட்டுத் தொட்டியடியில். சாதாரண மரத்தவளை, ஊரில் தேரை என்றே சொல்வோம், பாலிபெடேட்ஸ் மாகுலேட்டஸ். பகலெல்லாம் குளியலறைச் சுவரில் காலை மடக்கி ஒட்டிக்கொண்டு கிடக்கும், ராத்திரி வெளியே வரும். தொட்டிச் சுவரில் முட்டையிட நுரைக்கூடு கட்டும். அதைப் பார்த்த அம்மா சோப்பு நுரை என்று கழுவிவிடப் போனார், நல்லவேளை நான் நின்றிருந்தேன். இதில் தொடங்குங்கள். அசையாது, பயப்படாது, எடுக்கும் உங்களுக்கும் அவசரம் இருக்காது. விரல் நுனியில் இருக்கும் வட்டத் தட்டுகளை 150 வைத்து எடுத்துப் பாருங்கள், சுவரோடு அவை எப்படி அழுந்தியிருக்கின்றன என்று தெரியும். கண்ணின் பொன் நிறத்தில் கறுப்புத் தூவியதுபோல் ஓடும் நுண்ணிய கோடுகள், வெறுங்கண்ணுக்கு அகப்படவே அகப்படாதவை, திரையில் வந்து நிற்கும்போது எனக்கு இன்றைக்கும் ஒரு நிமிடம் பேச்சு வராது.

இனி வெளிச்சம். கண்ணாடிக்குச் செலவழித்ததில் பாதி அக்கறையை வெளிச்சத்துக்கும் கொடுக்காவிட்டால் ரேனாக்ஸ் வாங்கிப் பயனில்லை. 1.2 மடங்குப் பெருக்கத்தில் லென்ஸின் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதனால் துளையைச் சுருக்கியே ஆக வேண்டும், சுருக்கினால் ஃப்ளாஷ் இல்லாமல் முடியாது. ரேனாக்ஸில் ஒரு சௌகரியம், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப்பைப்போல இது வெளிச்சத்தைத் தின்னாது. என் கணக்கு: மேனுவல், 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ 200 அல்லது 400, ஃப்ளாஷ் 1/16 சக்தியில். குறைந்த சக்தியில் ஃப்ளாஷ் மின்னும் நேரம் மிகமிகக் குறைவு என்பதால் கை நடுக்கமும் படத்தில் தெரியாது, ட்ரைபாட் தேவையே இல்லை. ஆனால் வெறும் ஃப்ளாஷை ஈரத் தவளைமேல் அடித்தால் முதுகெல்லாம் வெள்ளைத் திட்டு, கண்ணுக்குள் ஒரு சின்ன வெள்ளைச் சதுரம், பார்க்கவே பிடிக்காது. டிவி வந்த அட்டைப்பெட்டிக்குள் வெள்ளையாக மெல்லிய ஃபோம் தாள் ஒன்று சுற்றியிருக்குமே, அதை எடுத்து வளைத்து, லென்ஸின் நுனிவரை நீளும்படி ஒரு கூரை செய்துகொண்டேன். வெளிச்சம் எவ்வளவு அகலமாக, எவ்வளவு கிட்டத்திலிருந்து விழுகிறதோ அவ்வளவு மிருதுவாக இருக்கும், அதுதான் ரகசியம். 250இல் 12 சென்டிமீட்டருக்குள் இந்தக் கூரையை நுழைத்தால் கிளை, இலை எல்லாவற்றிலும் இடிக்கும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். 150இல் அதற்கு இடம் இருக்கிறது, ஆனால் கூரை இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும்.

ஆட்டோ ஃபோகஸை மறந்துவிடுங்கள். இரவில் தடுமாறும். ஃபோகஸை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு உடம்பால் நகருங்கள், முழங்கையை விலாவில் ஒட்டி வையுங்கள். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும்.

பாம்புக்கு இந்தக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். 150ஆக இருந்தாலும் ஒரு சாண், 250ஆக இருந்தால் அதிலும் பாதி. அந்தத் தூரத்தில் பாம்பின் முன்னால் கையை வைக்கிற வேலையை யாரும் செய்யக் கூடாது. கிளிப்பைக் கழற்றிவிட்டு வெறும் 55-250ஐப் பயன்படுத்துங்கள். அது 85 சென்டிமீட்டர் வரைக்கும் தானே ஃபோகஸ் செய்யும், 0.29 மடங்கு பெருக்கம் தரும், ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம் படத்தில் நிறையும். பச்சைப் பாம்புக்கு அது தாராளம். கண்ணைக் கொத்தும் என்று பயந்து அதைக் கண்கொத்திப் பாம்பு என்றே சொல்கிறோம், எங்கள் முருங்கை மரத்தில் ஒன்று தொங்கியபோது பக்கத்து வீட்டு அக்கா மண்வெட்டியோடு வந்துவிட்டார். கேமராத் திரையில் அதன் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்மணி குறுக்காக, சாவித் துவாரத்தைப் படுக்கவைத்ததுபோல் இருக்கும், நம் ஊர்ப் பாம்புகளில் வேறு எதற்கும் அப்படி நான் பார்த்ததில்லை. "இத்தனை அழகா இருக்குதா இது" என்று நின்றுவிட்டார், மண்வெட்டி கீழே போனது. 2020இல் வந்த ஆய்வுக்குப் பிறகு, நம் சமவெளியில் இருப்பதற்கு அஹேதுல்லா ஆக்ஸிரிங்கா என்று பெயர். பழைய புத்தகங்களில் இருக்கும் நாசுட்டா என்ற பெயர் இப்போது இலங்கையில் உள்ளதற்கு மட்டும்.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலும் என்றால் 85 சென்டிமீட்டரும் வேண்டாம். குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள், 24 மெகாபிக்ஸல் எதற்கு இருக்கிறது. விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன் பாம்பு என்று நினைத்துக் கட்டுவிரியன் பக்கத்தில் போனவர்கள் உண்டு. இரண்டுக்கும் உடம்பில் வெள்ளைப் பட்டை, இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பது சுலபமில்லை. சந்தேகம் வந்தால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள்.

ஓணானும் அப்படியே, பகலில் கிட்டத்தில் விடாது, வெறும் லென்ஸ்தான் கைகொடுக்கும். தெற்கே வெயில் காயும் வெட்டவெளியில் தொண்டையில் விசிறி விரித்துக் காட்டும் சிட்டானா ஓணான் இருக்கிறது. அதில் ஒரு இனத்துக்கு 2016இல் சிட்டானா மருதம்நெய்தல் என்று பெயர் வைத்தார்கள், மருதமும் நெய்தலுமான நிலத்தில் வாழ்வதால். நம் திணைப் பெயரை ஒரு ஓணான் உலகம் முழுக்கச் சுமந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தாலே எனக்குப் பெருமையாக இருக்கும். அதற்கு வயிற்றை மண்ணில் ஒட்டிப் படுத்து எடுக்க வேண்டும், 150 பையிலேயே இருக்கட்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. கிளிப் பிளாஸ்டிக்தான். லென்ஸில் யுவி ஃபில்ட்டர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராக லென்ஸ் மரையில் பொருத்துங்கள், இரண்டு பக்கமும் க்ளிக் என்று உட்கார்ந்ததா என்று விரலால் தொட்டுப் பாருங்கள், அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்தால் புதருக்குள் போய்விடும். ஜூமைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் மூலைகள் கருக்கும், என் லென்ஸில் 100க்குக் கீழே நான் போவதில்லை. 18-55 கிட் லென்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அதனாலேயே இது சரிப்படாது. மலை மழையில் கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஆவி படியும், கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் தவளை போயிருக்கும். முழு உயிரும் அதன் இடமும் சேர்ந்து தெரியும் அகலமான படம் இதில் வராது. அதற்கு உண்மையான மேக்ரோ லென்ஸ் வாங்கினாலும் வராது, அது வேறு வகை லென்ஸ். முப்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து 100 அல்லது 90 மில்லிமீட்டர் மேக்ரோ வாங்குபவர்களுக்குக் கிடைப்பது ஆட்டோ ஃபோகஸும் தூரம் மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும். கூர்மையில் என் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, நண்பர் ஒருவரின் மேக்ரோவோடு ஒரே பல்லியை மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வாங்கிய உற்சாகத்தில் காட்டுக்குள் கிளம்பிவிடாதீர்கள். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் படமெடுப்பதற்கும் அனுமதிச் சீட்டு கேட்கிறது. தவளையைக் கையில் எடுத்து நல்ல இலையில் உட்காரவைத்துப் படமெடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. தவளை தோலால் மூச்சு விடுகிறது, தோலால் தண்ணீர் குடிக்கிறது. நம் கையில் கொசு மருந்தும் சன்ஸ்கிரீனும் அட்டைக்குப் பூசிய புகையிலையும் இருக்கும். தொடவே வேண்டாம். ஓர் ஓடையிலிருந்து இன்னொரு ஓடைக்குப் போகும்போது செருப்பையும் பூட்ஸையும் கழுவிக் காயவையுங்கள், தவளைகளைக் கொல்லும் பூஞ்சை சேற்றோடு சேர்ந்து நடக்கும். ஒரு உயிருக்குப் பத்து ஃப்ளாஷுக்கு மேல் நான் அடிப்பதில்லை, அது என் சொந்தக் கட்டுப்பாடு. படத்தைப் போடும்போது இடத்தைத் துல்லியமாகச் சொல்லாதீர்கள். உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் அருகி வரும் இனங்களுக்கு அதுவே இடத்தை மங்கலாக்கிவிடும், மற்றவற்றுக்கு நீங்களே மறைத்துக்கொள்ளலாம்.

எனக்கு 150 பழைய சாமானாக நாலாயிரத்துக்குக் கிடைத்தது. பழசு வாங்கினால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பெட்டிக்குள் யுஏசி-2000 கிளிப் இருக்கிறதா, பலர் அதைத் தொலைத்துவிட்டுக் கண்ணாடியை மட்டும் விற்கிறார்கள். கிளிப் இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டாம், கண்ணாடியின் பின்மரை 43 மில்லிமீட்டர், அதற்கேற்ற ஸ்டெப்-டவுன் ரிங் போட்டுத் திருகிவிடலாம், புதருக்குள் விழும் பயமும் இல்லை. இரண்டாவது, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து உள்ளே பூஞ்சைக் கோடு ஓடியிருக்கிறதா என்று பாருங்கள், மழைக்காட்டில் அலைந்த கண்ணாடியாக இருந்தால் வாய்ப்பு அதிகம். என்னுடையதை அரிசி டப்பா அளவு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்திருக்கிறேன், ஜெல் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடுவேன். அடுத்த மழை வரும்வரை அது அங்கே இருக்கும், தொட்டியடித் தேரைக்கு மட்டும் நடுநடுவில் வெளியே வரும்.